கஞ்சி வடிக்கும் நேரம்

போன மாதம், சங்க அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் எனக்கு ஒரு சுவரை அனுப்பினாள். கைப்பேசியில்தான். இளம்பச்சை பூசிய கூடத்துச் சுவர். இடுப்பு உயரத்தில் பூச்சு பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது, அதற்குக் கீழே ஈரம். "மேடம், இது எங்கேருந்து வருதுன்னு பாத்துச் சொல்லுங்களேன். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் ஏத்தணும்" என்று எழுதியிருந்தாள்.

இரண்டு விரலால் படத்தை விரித்துப் பார்த்தேன். சுவர் பெரிதாயிற்று. ஈரம் பெரிதாயிற்று. வாசனை மட்டும் வரவில்லை. மழை ஈரத்துக்கு ஒரு வாசனை, குளியலறை ஈரத்துக்கு ஒரு வாசனை, சமையலறை ஈரத்துக்கு வேறொன்று, அது புளித்திருக்கும். அந்தப் புளிப்பை முகர்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். பதில் எழுதினேன்: "அந்த வீட்டில் சமைக்கிறது யாரு?"

"அது எதுக்கு மேடம்? ஃபார்ம்ல அந்தக் கேள்வியே இல்லியே."

இல்லைதான். அச்சடித்த எந்தப் படிவத்திலும் அது இருந்ததில்லை. என் குறிப்பேடுகளில் மட்டும், ஒவ்வொரு சமையலறை ஆய்வுக்கும் முதல் வரியாக, பென்சிலில் இருந்தது. அது எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவள் நான், ஆனால் கால்கள் இன்னும் ஓய்வு வாங்கவில்லை. காலை எட்டு மணிக்கு மின்ரயில் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன். நின்றபடியேதான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், கட்டடப் பொறியியல் டிப்ளமோவோடு, ஆவடிப் பக்கத்துத் தொழிற்சாலை ஊழியர்களின் வீடுகட்டும் கூட்டுறவுச் சங்கத்தில் ஓவர்சீயராகச் சேர்ந்தேன். அலுவலகம் அம்பத்தூரில், என் வீடு திருநின்றவூரில். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறிய முதல் வருடம் ஊரே அண்ணாந்து பார்த்தது. இரண்டாவது வருடம் பார்ப்பதை விட்டுவிட்டது. பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது ஆரோக்கியம் சாரைப் பற்றி. சங்கத்தின் பொறியாளர், என் மேலதிகாரி. குட்டையான மனிதர், முன்கோபக்காரர், பேருந்தில்கூடத் தூங்குவார். எந்த வீட்டுக்கு ஆய்வுக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார். மரியாதைக்காக என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். வெறுங்காலோடு அறை அறையாக நடப்பார். ஓரிடத்தில் நின்று பெருவிரலைத் தரையில் தேய்ப்பார். "இங்க வேர்க்குது" என்பார். அங்கே தோண்டினால் குழாய் உடைந்திருக்கும். அவருடைய ஸ்கூட்டர்ப் பெட்டியில் ரசமட்டம், தூக்குக்குண்டு, டைல்ஸைத் தட்டிப் பார்க்கத் துணியில் சுற்றிய ஒரு ரூபாய் நாணயம், துணிக்குப் போடும் சொட்டு நீலம் ஒரு பாட்டில். நீலம் எதற்கென்றால், ஒழுகும் குழாய் எதுவென்று தெரியாவிட்டால் வாளித் தண்ணீரில் அதைக் கரைத்து ஊற்றிவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செய்தித்தாளை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாளில் நீலம் பூக்கும்வரை நகரமாட்டார்.

நான் எழுதும் அறிக்கைகளைச் சத்தம் போட்டு வாசிப்பார். கையில் சிவப்புப் பென்சில். 'இருக்கலாம்', 'போலத் தெரிகிறது' என்று எங்காவது எழுதியிருந்தால் பென்சில் அந்த இடத்தில் இறங்கும். "ஏம்மா பவானி, இது நீ பாத்தியா, நெனச்சியா?" நினைத்தேன் சார் என்றால் கோடு. பார்த்தேன் சார் என்றால், "எத்தன மணிக்கு?" மணி சொல்ல முடியாவிட்டால் அதற்கும் கோடு. அந்தக் கோடுகளுக்காக நான் கழிவறையில் நின்று அழுததும் உண்டு. இன்று அவற்றை நினைத்தால், யாரோ என் தோளைத் தொட்டு வழியிலிருந்த பள்ளத்தைக் காட்டியதுபோல இருக்கிறது.

இனி அந்த வழக்கு. வழக்கு என்றால் நீதிமன்றமல்ல. எங்கள் சங்கத்தில் வீட்டைத் திருத்தக் கடன் வாங்குகிறவர், அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலில் உள்ள மேஸ்திரிகளில் ஒருவரிடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். வேலை கெட்டால் புகார் எங்களிடம் வரும். நாங்கள் ஆய்ந்து அறிக்கை வைப்போம். இரண்டாம் சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். தவறு மேஸ்திரி பக்கம் என்று முடிவானால், பட்டியலில் அவர் பெயர்மீது மையால் ஒரு கோடு விழும். கோடு விழுந்த பெயர் பட்டியலிலேயே இருக்கும், எல்லோரும் படிக்கும்படி. அப்புறம் அந்த ஆளுக்கு ஆவடியிலும் இல்லை, அம்பத்தூரிலும் இல்லை, வேலை.

ஜமால் பாய் பூந்தமல்லிக்காரர். இருபது வருடம் யார் யார் கீழேயோ கொத்தனாராக இருந்துவிட்டு, தன் பெயரை அந்தப் பட்டியலில் ஏற்றி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பெயரை டைப் அடித்து ஒட்டிய அன்று மகனைக் கூட்டிவந்து காட்டினார். காகிதத்தைத் தொடாமல், விரலை அதன்மேல் ஒரு நூல் உயரத்தில் ஓட்டி, "இதான் நம்ம பேரு" என்று அவர் சொன்னதை நான் என் மேசையிலிருந்து பார்த்தேன்.

பருத்திப்பட்டில், ஏரிக்கரைக்குப் பக்கத்துத் தெருவில், கோதண்டம் என்ற தொழிற்சாலை ஊழியரின் வீடு. அவர் மெஷின் ஓட்டுகிறவர், நிரந்தரமாக இரண்டாம் ஷிஃப்ட். மதியம் ஒன்றரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். அவர் மனைவி மல்லிகாவுக்கு நகரத்தில் டெலிபோன் ஆபீஸ் வேலை. காலை ஏழரைக்கே ரயிலுக்கு ஓடிவிடுவார். பள்ளியிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு ஓடிவரும் இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் சமையலறையைத்தான் பாய் திருத்திக் கட்டினார். தரையடுப்பு போய் நின்று சமைக்கும் மேடை வந்தது. கடப்பாக்கல் போட்டார், சிங்க்கை எதிர்ச் சுவருக்கு மாற்றினார். மாற்றியதால் கழிவுநீர்க் குழாய் மேடைக்குப் பின்னால் சுவருக்குள் படுத்தபடி ஒரு பத்தடி போக வேண்டியதாயிற்று. அப்போதுதான் பிளாஸ்டிக் குழாய் பரவலாக வந்த காலம். பாய் அதையே பதித்தார்.

ஆறாவது மாதம் புகார் வந்தது. மல்லிகாவின் கையெழுத்து, வரிகள் ரயில் தண்டவாளம்போல நேராக இருந்தன. சிங்க் அடைக்கிறது, சுவர் நனைகிறது, கூடத்தில் சுவிட்சைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறது, வீட்டில் சின்னப் பிள்ளைகள்.

நான் போனேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். மல்லிகா விடுப்பு எடுத்துக்கொண்டு, பட்டுக்கரை போட்ட சேலையில் காத்திருந்தார். சமையலறை கழுவித் துடைத்துப் பளபளவென்றிருந்தது. அதிகாரி வருகிறாள் என்று அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை, இட்லி கடையிலிருந்து வந்திருந்தது. கோதண்டம் கூடத்தில், இஸ்திரி போட்ட சட்டையில், பேப்பருக்குப் பின்னால். கேள்வி எல்லாவற்றையும் நான் மல்லிகாவிடமே கேட்டேன். சமையலறையைப் பற்றி வேறு யாரிடம் கேட்பது?

மேடைக்கடியில் இருட்டு. என் டார்ச் மங்கிவிட்டது. தீப்பெட்டி கேட்டேன். மல்லிகா ஒரு டப்பாவைத் திறந்தார், கடுகு. இன்னொன்றைத் திறந்தார், சீரகம். மூன்றாவதைத் திறப்பதற்குள் கூடத்திலிருந்து, பேப்பர் தாழாமலே, ஒரு குரல் வந்தது: "உப்பு ஜாடிக்குப் பின்னால பாரு."

இருந்தது. வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பவர் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, நான் குனிந்து என் வேலையைப் பார்த்தேன்.

நீலத் தண்ணீர் ஊற்றினேன். கூடத்துப் பக்கம் செய்தித்தாளில் நீலம் பூத்தது. அனுமதி கேட்டு நான்கு டைல்ஸைப் பெயர்த்தேன். உள்ளே குழாய் நடுவில் தொய்ந்து, வயிறு தள்ளிக் கிடந்தது. தாங்கக் கிளாம்புகள் இரண்டே இரண்டு. இணைப்பில் வெள்ளையாகப் பசைபோல ஏதோ ஒட்டியிருந்தது. சிமெண்ட் பால் என்று நினைத்தேன். அன்று மாலையே எழுதினேன்: 'குழாய் போதிய சரிவும் தாங்கலும் இன்றிப் பதிக்கப்பட்டுள்ளது. வேலைத்தரம் குறைவு.'

அன்றைக்கென்று ஆரோக்கியம் சாருக்கு அவசரம். மகள் கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்திருந்தது. சிவப்புப் பென்சில் இறங்கவில்லை. வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். நான் மகிழ்ந்துபோனேன். ஒரு கோடுகூட இல்லாத என் முதல் அறிக்கை.

மூன்றாம் நாள் ஜமால் பாய் வந்தார். அக்குளில் ஒரு குழாய்த் துண்டு.

"மேடம், நான் வெச்சப்போ நேராத்தான் வெச்சேன்."

"வளைஞ்சிருக்கே பாய். நான் கண்ணால பாத்தேன்."

"இப்ப வளைஞ்சிகீது. வெக்கச்சொல்ல நேரு. ரசமட்டம் வெச்சி, ஒரு விரல் வாட்டம் குடுத்து எறக்கினேன். அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"குழாய் தானா வளையுமா பாய்?"

அவர் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டார். குழாய்த் துண்டை இரண்டின்மேலும் பாலமாக வைத்தார். ஒரு முனையைத் துணியால் அடைத்தார். எதிர் டீக்கடைக்குப் போய்க் கொதிக்கக் கொதிக்க ஒரு பித்தளைச் சொம்பு வெந்நீரோடு வந்தார். அதன் கழுத்தைத் தோள் துண்டால் பிடித்துக்கொண்டு, மெதுவாக, கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, குழாய் மதியத் தூக்கக்காரனின் தலைபோலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது.

தூங்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம் சார் எழுந்து வந்தார். தொட்டுப் பார்த்தார். விரலை உதறிக்கொண்டார்.

"கஞ்சி சார்" என்றார் பாய். "தெனம் சோறு வடிச்சி கொதிக்கிற கஞ்சிய சிங்க்ல ஊத்தறாங்க. குழாய் எளகுது, தொய்யுது. தொய்ஞ்ச எடத்துல கஞ்சி நிக்குது, ஒறையுது, அடைக்குது. மேல இணைப்பு வழியா சொவருக்குள்ள போவுது. இது நடக்கும்னு தெரிஞ்சிதான் அந்தம்மாகிட்ட சொன்னேன் சார். வேலைய ஒப்படைக்கிற அன்னிக்கி, அவங்க ஆபீஸ் உட்டு வரட்டும்னு ரெண்டு மணி நேரம் அவங்க ஊட்டு வாசல்ல குந்திகினு இருந்தேன். வந்த ஒடனே சொன்னேன், அம்மா, கஞ்சிய மட்டும் இதுல ஊத்தாதீங்கோன்னு. சரி பாய்னு தலையாட்டினாங்க."

கடிதம் எழுதிக் கேட்டோம். மல்லிகாவின் பதில், அதே தண்டவாள எழுத்தில், மறுதினமே வந்தது: 'நான் ஒருநாளும் அந்தச் சிங்க்கில் கஞ்சி ஊற்றியதில்லை. என் பிள்ளைகள்மேல் சத்தியம்.'

இரண்டு சத்தியங்கள். ஒன்று அல்லாமேல், ஒன்று பிள்ளைகள்மேல். ஒன்று பொய்யாக வேண்டும். சங்கச் செயலாளர் நடராசன், கோதண்டம் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் ஃபோர்மேன், அதே தெருக்காரர், சந்தேகமே படவில்லை. "குடும்பப் பொம்பள புள்ளைங்க மேல ஆணை வெச்சி எழுதிகீது. மேஸ்திரி ஆயிரம் சொல்லுவான். சனிக்கெழம கோடு போட்ருவோம்."

பாய் போகும்போது வாசலில் பட்டியலின் முன்னால் நின்றார். இம்முறை விரல் நீளவில்லை. திரும்பி என்னிடம் சொன்னார்: "மேடம், சமைக்கிற நேரத்துல ஒருவாட்டி போய்ப் பாருங்கோ. சொல்லாம போங்கோ. அதுக்கப்புறம் நீங்க இன்னா எழுதினாலும் சரி."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போனேன். ஏரியில் நாரைகள் நின்றன. தெருவில் யாருமில்லை. எல்லா வீட்டுச் சன்னலிலிருந்தும் தாளிப்பு எழுந்து தெருவின் நடுவில் கலந்தது. கோதண்டத்தின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. கூப்பிட்டேன், கேட்கவில்லை. உள்ளே வானொலி பாடியது, கூடவே ஓர் ஆண்குரலும் பாடியது.

சமையலறை வாசலில் நின்றேன். லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு கோதண்டம். ஒரு கையால் தட்டை அழுத்தி, மறுகையால் துணிசுற்றிய பானைக் கழுத்தைப் பற்றி, சிங்க்கின் விளிம்பில் சாய்த்துப் பிடித்திருந்தார். தட்டின் இடுக்கில் கஞ்சி வெள்ளையாக நூல் பிடித்து இறங்கியது. ஆவி அவர் முகத்தை மறைத்தது. ஒரு பருக்கை விழவில்லை. இருபது வருடப் பழக்கம் உள்ள கைகளுக்குத்தான் அந்த அமைதி வரும். பக்கத்து அடுப்பில் கத்திரிக்காய்க் குழம்பு. அருகே, உப்பு ஜாடிக்குப் பின்னால், தீப்பெட்டி.

ஆவி விலகியது. என்னைப் பார்த்தார். பானை ஆடவில்லை, அவர் மட்டும் ஆடினார்.

"மேடம்... அவளுக்கு இன்னிக்கி ஒடம்பு சரியில்ல..."

"அவங்க வண்டி ஏறினதை நான் காலைல ஆவடி ஸ்டேஷன்ல பாத்தேன் சார்."

பானையை நிமிர்த்தி வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"எங்கம்மா சின்ன வயசுலயே பூட்டாங்க. தம்பிங்களுக்கு நான்தான் ஆக்கிப் போட்டேன். கைக்கு வந்துட்சி. அவளுக்கு இது வராது. எனக்கு இது இல்லாம முடியாது. ரெண்டு பேருக்கும் ஒத்துப்பூட்சி, மேடம். ஆனா இந்தத் தெரு முழுக்க எங்க ஃபாக்டரி ஷாப் ஆளுங்க. பக்கத்து சொவரு ஃபோர்மேன் ஊடு. தெரிஞ்சா நாளைலேருந்து எனுக்கு கரண்டின்னுதான் பேரு."

"கஞ்சியை ஊத்தக் கூடாதுன்னு பாய் சொன்னாராமே?"

"யாருகிட்ட?" என்றார். உண்மையாகவே கேட்டார். "முன்னல்லாம் வாளில புடிச்சி பால்காரர் எருமைக்கி குடுப்பேன். மேய்ச்சல் நெலத்துல மனை போட்டுட்டாங்க, எருமைய வித்துட்டு அவரு பூட்டாரு. அப்புறம் சிங்க்தான். பாய் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே! மூணு வாரமா அவருக்கு டீ போட்டுக் குடுத்தேன், அவ போட்டு வெச்சிட்டுப் போனான்னு சொல்லி. எங்கிட்ட சொல்லிருந்தா ஊத்துவேனா?"

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. பாய் பொய் சொல்லவில்லை. மல்லிகாவும் பொய் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆள், மூன்று வாரமும் டீ டம்ளரோடு, பாயின் எதிரிலேயே நின்றிருக்கிறார். வீட்டம்மாவிடம்தான் சொல்ல வேண்டும் என்ற மரியாதையால், பாய் அவர் கிளம்பிப்போன பின்னால், வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, தீப்பெட்டி எங்கே என்றுகூடத் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"மேடம், இத மட்டும் எழுதிடாதீங்க" என்றார் கோதண்டம்.

"எழுதலேன்னா நாளைக்குப் பாய் பேர்ல கோடு."

அவர் அடுப்பைத் தணித்தார். நான் புறப்பட்டபோது, "ஒரு வாய் சாப்ட்டுப் போங்க" என்றார். சாப்பிடவில்லை. இன்றுவரை வருத்தம்.

அன்று மதியம் ஆரோக்கியம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெருவிரலைத் தரையில் தேய்த்துக்கொண்டே கேட்டார். "பழைய ரிப்போர்ட்டைக் கொண்டா" என்றார். கொண்டுபோனேன். இப்போது வாசித்தார், சத்தமாக. 'பதிக்கப்பட்டுள்ளது' என்ற இடத்தில் பென்சில் நின்றது. கோடு போடாமல் பென்சிலைக் கீழே வைத்தார். "அவன் பதிக்கும்போது நீ பாக்கல. நீ எழுதும்போது நான் பாக்கல." புதுத்தாள் எடுத்துக் கொடுத்தார். "பாத்ததை எழுது. ஆள் பேரு நமக்கு வேணாம். குழாய்க்குத்தானே ஆய்வு."

நான் எழுதினேன்: 'காலை பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு, கொதிக்கும் கஞ்சி சிங்க்கில் ஊற்றப்படுவதை நேரில் கண்டேன்.' ஊற்றியவர் பெயரை எழுதவில்லை. அதனால் தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை. மின்விசிறி கீச்சிடும் அந்த அறை. ஒரு பக்கம் ஜமால் பாய், தேய்த்த வெள்ளைச் சட்டையில். எதிரே மல்லிகாவும் கோதண்டமும். சுற்றிலும் சங்க உறுப்பினர்கள், பாதிப் பேர் கோதண்டத்தின் ஷாப் ஆட்கள். முதலில் ஆரோக்கியம் சார் எழுந்தார். "மொதல் ரிப்போர்ட் தப்பு. அதுல இருக்கறது என் கையெழுத்து. ரெண்டாவது ரிப்போர்ட்தான் சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். என் பக்கம் திரும்பவுமில்லை. மேலதிகாரி ஒருவர் ஒரு தவறைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டு உட்கார்வதை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

நடராசன் இரண்டாவது அறிக்கையைப் படித்தார். புருவம் ஏறியது. "கஞ்சி ஊத்தறத கண்டீங்க. சரி. யார் ஊத்துனாங்க? இந்தம்மா ஊத்தலன்னு புள்ளைங்க மேல ஆணை வெச்சி எழுதிகீது. அப்போ இது பொய்யா? சொல்லுங்க மேடம். ஒண்ணு இந்தம்மா பொய்யி, இல்ல நீங்க பொய்யி."

மல்லிகா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார், கணவரைப் பார்க்கவேயில்லை. பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதற்காகவே பார்க்கவில்லை. பாய் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கோதண்டம் எழுந்து நின்றிருந்தார்.

"யாரும் பொய்யி இல்ல. நான்தான் ஊத்துனேன்."

"நீ எதுக்குப்பா அடுப்பாங்கரைல பூந்த?"

"பூரல. நான்தான் சமைக்கிறேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து. காலைலயும் நான்தான், மதியமும் நான்தான். பாய் அவகிட்ட சொன்னாரு, எங்கிட்ட சொல்லல. அவரு மேலயும் தப்பில்ல, அவ மேலயும் தப்பில்ல. கோடு கீடு போடறதா இருந்தா என் மேல போடு, அண்ணாத்தே."

பின்வரிசையில் யாரோ, "கரண்டி மாமே!" என்றான். ஒரு சிரிப்பு கிளம்பி அறையைச் சுற்றி வந்தது. கோதண்டம் அசையவில்லை. அப்போது மல்லிகா எழுந்தார். கணவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் நின்றார். அவ்வளவே செய்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

நடராசன் மட்டும் ஏதோ கணக்குப் போடுவதுபோல இருந்தார்.

"இரு இரு. எம் பொண்ணு சீமந்தத்துக்கு உங்க ஊட்லேருந்து ஒரு அண்டா புளிசோறு வந்துச்சே?"

"நான்தான்."

"அடப்பாவி! எம் பொண்டாட்டி இந்தம்மாகிட்ட பக்குவம் கேட்டு எழுதிகினு வந்தாளே!"

மல்லிகா மெல்லிய குரலில், "வாய்க்கு வந்ததை சொல்லி அனுப்பிட்டேன் சார்" என்றார்.

"அதான்!" நடராசன் மேசையில் தட்டினார். "அதான் ஆறு மாசமா எங்க ஊட்டு புளிசோறு அந்த நெலமைல கீது! நானும் நாக்குலதான் கோளாறுன்னு டாக்டர்கிட்ட போலாம்னு கீறேன்!"

இம்முறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கோதண்டமும் சிரித்தார். பாய் மட்டும் சிரிக்காமல் எழுந்து, அவரெதிரே போய் நின்றார்.

"அப்ப அந்த இஞ்சி டீ?"

"அதுவும் நான்தான் பாய்."

"மூணு வாரம் எதிர்ல நின்னீங்களே நைனா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பிறகு செயலாளரைப் பார்த்துத் திரும்பினார். "சார், எம்மேலயும் ஒண்ணு கீது. ரெண்டு கிளாம்பு அடிச்சேன். நாலு அடிச்சிருக்கணும். மேடம் எழுதினது அதுல சரி."

சமாதானம் அங்கேயே முடிந்தது. சுவருக்குள் இனி இரும்புக் குழாய். குழாய்ச் செலவு வீட்டுக்காரருடையது, வேலை பாயுடையது, கிளாம்பு நான்கு. பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது, கோடு இல்லாமல். போகும்போது பாய் அதன் முன்னால் நின்றதையும், ஒரு நூல் உயரத்தில் விரலை ஓட்டியதையும் நான் பார்த்தேன். அன்று மகன் உடன் வரவில்லை. தனக்குத்தானே காட்டிக்கொண்டார்.

குழாய் மாற்றியபோது பாய் கோதண்டத்தையே மேடைமுன் நிற்கச் சொல்லி, முழங்கைக்கும் கல்லுக்கும் இடைவெளி அளந்தாராம். மேடை மல்லிகாவின் உயரத்துக்குக் கட்டியது. அதனால்தான் ஆறு மாதமாகக் கோதண்டத்துக்கு முதுகுவலி. அதைப் புகாரில் எழுத வழியில்லாமல் இருந்திருக்கிறார்கள். இரண்டு வரி செங்கல் வைத்துக் கல்லை உயர்த்திக் கொடுத்துவிட்டார். ஷாப்பில் கோதண்டத்துக்குக் கரண்டி என்ற பெயர் நிலைத்துதான் போயிற்று. ஆனால் அப்புறம் அங்கே எந்த விசேஷம் என்றாலும், அண்டா முன்னால் நிற்கக் கரண்டியைத்தான் கூப்பிட்டார்கள்.

நான் அன்றிலிருந்துதான் அந்த வரியைப் பென்சிலில் எழுதத் தொடங்கினேன். எத்தனையோ சமையலறைகள். மாமனார் சமைக்கும் வீடு, கண் தெரியாத அக்கா தடவித் தடவிச் சமைக்கும் வீடு, இரண்டு மருமகள்கள் முறைவைத்துச் சமைத்து, மேடை உயரத்துக்காகச் சண்டைபோடும் வீடு. கேட்டால்தான் தெரியும். கேட்டபோதெல்லாம் ஒரு சுவர் தன் ஈரத்தின் காரணத்தைச் சொன்னது. எனக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தவர்கள் பானை சாய்த்த ஒரு மெஷின்காரரும் குழாயை அக்குளில் சுமந்துவந்த ஒரு மேஸ்திரியும். சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்த ஒரு கிழவரையும் சேர்த்தால் மூவர். அவர்களில் இருவர் இன்று இல்லை. நன்றி சொல்ல விலாசமில்லாததால் இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மிச்சமிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு, பதினொரு மணி. திருநின்றவூரில் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றேன். சும்மா, சொல்லாமல். அப்பா விட்டுப்போன இரண்டறை வீடு அது. மேடை மட்டும் நான் போட்டது. டிப்ளமோ முடித்த சூட்டில், பாடப்புத்தகத்தில் இருந்த உயரத்தை அப்படியே எடுத்துக் கட்டவைத்தது. அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். காலடியில் ஒரு மணைப்பலகை. அதன்மேல் நுனிக்காலில் நின்று, எக்கி, பானையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வருடமாக நான் அந்தப் பலகையைத் தாண்டிப் போய்த் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

"ஏம்மா சொல்லல?"

"நீ ஊரு ஊட்டுக்கெல்லாம் மட்டம் பாக்கறவ. உனக்குத் தெரியாததா நான் சொல்லப்போறேன்?"

அடுத்த வாரமே ஜமால் பாயைக் கூட்டிவந்தேன். ரசமட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வரவில்லை. என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன், மேடம். இந்த ஊட்ல யாரு சமையல்?"

நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா பலகையிலிருந்து இறங்கி முன்னால் வந்தாள்.

"நான்தாம்பா. இவகிட்ட எதையும் கேக்காத. இவளுக்குத் தீப்பெட்டி எங்க கீதுன்னே தெரியாது."